பறவை பார்க்கப் போறீங்களா? எல்லாரும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

சென்னைப் புறநகர் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை பைனாகுலரோடு நின்றால், மாடு ஓட்டி வருகிற பெரியவர் யாராவது பக்கத்தில் வந்து, "என்னம்மா, நிலம் அளக்க வந்தீங்களா?" என்று கேட்காமல் போவதில்லை. எங்கே பிளாட் போட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. "இல்லைங்கய்யா, பறவை பாக்கறேன்" என்று சொன்னால் அடுத்து ஒரே ஒரு சொல்தான் வரும்: "பாத்து?"

சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள், மகளின் பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்கள் என்று பல பேர் இத்தனை வருடமாகக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். பெரியவர் கேட்டதுதான் முதல் கேள்வி.

பார்த்து என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்வதில்லை. சாப்பிடுவதில்லை, பிடிப்பதில்லை, விற்பதில்லை. ஐந்து மணி நேரம் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆனால் ஒன்று நடக்கும். எங்கள் தெரு முனை மின்கம்பியில் கரிச்சான் ஒன்று தினமும் உட்கார்ந்திருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். முப்பது வயது வரைக்கும் அதன் கீழேயேதான் நடந்து போயிருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயர் தெரிந்த வாரத்திலேயே, அது திடீரென்று கம்பியை விட்டுப் பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவதைப் பார்த்தேன். அடுத்த மாதம் அது கூடு கட்டியபோது, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கரும்பருந்தை முதுகில் கொத்திக் கொத்தி விரட்டியதையும் பார்த்தேன். பருந்து, காக்கை எதையும் அது பக்கத்தில் விடாது. அந்தத் தைரியத்தில் மற்ற சின்னப் பறவைகள் அதன் கூட்டுக்குப் பக்கத்து மரத்தில் கூடு வைப்பது உண்டு. இவ்வளவும் என் தலைக்கு மேலேயே முப்பது வருடமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதைத்தான் பார்க்கிறோம்.

காடு, மலை என்று அலைய வேண்டுமா?

வேண்டாம். ஜன்னலில் இருந்து தொடங்குங்கள், அதுவும் காக்கையில் இருந்து. காக்கை என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு பறவை. கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக் காக்கை. முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு, குரலும் கொஞ்சம் கரகரவென்று இருப்பது அண்டங்காக்கை. அமாவாசைக்குச் சோறு வைக்கும்போது எது முதலில் வருகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்று ஒரு மாதம் கவனித்தாலே போதும், உங்களுக்கு இது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி ஃபிளாட். மொட்டை மாடியில் காபி டம்ளரோடு காலை ஒரு மணி நேரம் நின்றால் இருபது வகை வரை பார்த்துவிடுவேன். மைனா, மாடப்புறா, பச்சைக்கிளி, குயில், செண்பகம், சின்னான், தேன்சிட்டு, மரங்கொத்தி, மீன்கொத்தி (தண்ணீரே இல்லாத இடத்திலும் வெண்மார்பு மீன்கொத்தி இருக்கும், ஓணானும் வெட்டுக்கிளியும் அதற்குப் போதும்), வானத்தில் பருந்து, சாயங்காலம் வரிசையாக ஏரிக்குப் போகிற நீர்க்காகங்கள். பக்கத்தில் முருங்கையோ வேம்போ இருந்தால் இன்னும் கூடும்.

பைனாகுலர் வாங்கியே ஆக வேண்டுமா?

முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அதற்குள் ஆசை தணிந்துவிட்டால் காசு மிச்சம்.

தணியவில்லை என்றால் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முன்னால் இருக்கிற 8, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பின்னால் இருக்கிற 42, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், ஆனால் கனமும் கூடும். 10 மடங்கு நல்லது, 20 மடங்கு இன்னும் நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். பெரிதாகக் காட்டக் காட்ட கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும், பார்வைக்குள் வருகிற இடமும் சுருங்கிப்போகும். கிளைக்குக் கிளை தாவுகிற குருவியை அதில் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த தெருவில் இருக்கும். ஐந்தாயிரத்தில் இருந்து பத்தாயிரத்துக்குள் பல வருடம் உழைக்கிற ஒன்று கிடைத்துவிடும். திருவிழாக் கடையில் தொங்குகிற சிவப்புக் கண்ணாடி போட்டது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாங்கிய அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். பெரும்பாலானவற்றில் வலது கண் பக்கம் தனியாக ஒரு வளையம் இருக்கும். இடது கண்ணை மட்டும் திறந்து நடுச்சக்கரத்தைத் திருப்பி ஒரு பலகையைத் தெளிவாக்குங்கள், பிறகு வலது கண்ணை மட்டும் திறந்து அந்த வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமலேயே இரண்டு வருடம் தலைவலியோடு பறவை பார்த்தவரை எனக்குத் தெரியும், அவர் வேறு யாருமில்லை, நானேதான். இரண்டாவது, மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கிற இடத்து ரப்பரைக் கீழே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி உலகம்தான் தெரியும்.

அப்புறம் ஒரு பழக்கம் வர வேண்டும். பறவையைக் கண்ணால் பார்த்ததும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையை எடுக்காமல், கையை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்.

எது என்ன பறவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே.

எல்லாரும் நிறத்தில் தொடங்குகிறார்கள், நிறத்திலேயே ஏமாறுகிறார்கள். காலை வெயிலில் பழுப்பு பொன்னாகத் தெரியும், வானத்துக்கு எதிராகப் பார்த்தால் பச்சைக்கிளியும் கறுப்புதான்.

முதலில் அளவு. குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா, பருந்து அளவா என்று இந்த நான்கில் ஒன்றோடு ஒப்பிட்டுவிடுங்கள். பிறகு அலகு. பிறகு வாலும் காலும். பிறகு அது என்ன செய்துகொண்டிருக்கிறது, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. தரையில் ஓடி ஓடி, நின்றால் வாலை மேலும் கீழும் ஆட்டினால் வாலாட்டி, அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். மரத்தண்டில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு ஏறினால் மரங்கொத்திக் குடும்பம். நிறம் கடைசி.

உதாரணத்துக்கு, வயலில் நிற்கிற வெள்ளையை எல்லாம் நாம் கொக்கு என்று முடித்துவிடுகிறோம். அங்கேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். மாட்டோடு நடக்கிறதே, மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, அது உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது கிளம்புகிற பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும், அப்போது புதுப் பறவை என்று நினைத்து எனக்குப் போட்டோ அனுப்புகிறவர்கள் வருடத்துக்கு நாலு பேர். தண்ணீருக்குள் நிற்கிறதே, கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் காலுறை போட்ட மாதிரி, அது சின்னக்கொக்கு. அதே வரப்பில் மண்ணும் புல்லும் கலந்த நிறத்தில் கூனிக்கொண்டு ஒன்று இருக்கும், மிதிக்கிற தூரம் வரை போனாலும் தெரியாது. எழுந்து பறந்ததும் பளிச்சென்று வெள்ளைச் சிறகு விரியும். அது மடையான், குருட்டுக்கொக்கு என்பதும் அதுதான். குருடெல்லாம் இல்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் கடைசி வரை நகராமல் இருக்கும், அவ்வளவே.

வானத்தில் வட்டம் போடுவது எதுவாக இருந்தாலும் கழுகு என்று சொல்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஊருக்குள் பெரும்பாலும் அது கரும்பருந்து, வால் நுனியில் லேசான கவடு இருக்கும். உடம்பு செங்கல் நிறம், தலையும் மார்பும் வெள்ளை என்றால் செம்பருந்து, பெருமாள் கோயிலில் கருடனாகக் கும்பிடுவது அதைத்தான்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற செயலிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. மெர்லின் என்பது இலவசம், ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும், போட்டோ கொடுத்தாலும் சொல்லும். தொடங்குகிறவர்களுக்கு நல்ல துணைதான். ஆனால் அது சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், "இதுவாக இருக்கலாம், போய்ப் பார்" என்று ஒரு நண்பர் காட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல், அது சொன்னதை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

காதைப் பழக்க ஒரே வழி, குரல் வந்த திசைக்குப் போய் அந்தக் குரலின் சொந்தக்காரரைக் கண்ணால் பார்ப்பது. அப்படிப் போனால் முதல் ஆறு மாதத்தில் பாதி நேரம் அணிலைத்தான் கண்டுபிடிப்பீர்கள். இடைவிடாமல் கீச்சிடுகிற அணில் எவ்வளவோ பேரைப் பறவை தேட வைத்திருக்கிறது. இன்னொரு ஏமாற்றுக்காரர் தையல்சிட்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், குரல் தெருவையே எழுப்பும்.

தமிழ்ப் பெயர் தெரிந்தால் போதுமா, ஆங்கிலப் பெயரும் வேண்டுமா?

பதிவு செய்ய ஆங்கிலப் பெயர் வேண்டும், தப்பிக்க முடியாது. ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்ள தமிழ்ப் பெயர்தான் வாத்தியார். நத்தைகுத்தி நாரை என்று சொல்லும்போதே அது என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி குஞ்சுகளுக்குக் கிடையாது, வளர வளரத்தான் வரும். பாம்புத்தாரா உடம்பை நீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும், தூரத்தில் பாம்பேதான். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், முக்குளிப்பான் இவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. ஆட்காட்டி இன்னும் அழகு: ஏரிக்கரையில் நீங்கள் கால் வைத்ததும் கத்தி, ஊருக்கெல்லாம் ஆள் வந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேட்டைக்காரர்கள் சாபம் விட்ட பறவை அது.

ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் என்ற சிக்கலும் உண்டு. தவிட்டுக்குருவி என்று ஒருவர், சிலம்பன் என்று இன்னொருவர், ஏழெட்டாகக் கூட்டமாய்ச் சண்டை போட்டுக்கொண்டு திரிவதால் கலகக்குருவி என்று வேறொருவர். முனைவர் க. ரத்னம் போன்றவர்கள் உட்கார்ந்து இந்தப் பெயர்களைத் தொகுத்து வைத்ததால் நமக்கு வேலை சுலபம். அதைவிடச் சுலபம், ஆடு மேய்க்கிறவரிடம் கேட்பது. எனக்குத் தெரியாத பெயர் ஒன்றாவது அவரிடம் இருக்கும். மைனாவுக்கே நாகணவாய் என்று நம் மொழியில் ஒரு பழைய பெயர் இருக்கிறது, நாமாகத்தான் மறந்துவிட்டோம்.

எந்த நேரம், எந்த மாதம் நல்லது?

விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒன்றரை மணி நேரம். மத்தியானம் பறவைக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் தலைசுற்றல்தான் மிச்சம்.

மாதம் என்றால் அக்டோபரில் இருந்து மார்ச் வரை. வடக்கே குளிர் ஏறியதும் வாத்துகள், உள்ளான்கள், தகைவிலான்கள், வாலாட்டிகள் இங்கே இறங்குகின்றன. இதில் எனக்குச் செல்லம் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று கைக்குக் கிடைத்த சாயத்தையெல்லாம் பூசிக்கொண்ட மாதிரி இருக்கும், வாலே இல்லையோ என்று தோன்றும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். அக்டோபரில் வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் விழுந்து கிடக்கும். எங்கள் அடுக்ககத்துக் காவலாளி ஒருநாள் காலை அப்படி ஒன்றை லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துவந்து, "மேடம், இது யார் வீட்டுக் கிளி?" என்று கேட்டார்.

வலசை போவது நம் முன்னோர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதாகக் கூப்பிடும்போது, தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பிப் போவதானால் என்றுதானே கேட்கிறார்? அந்த அலகுக்கு அவர் சொன்ன உவமை பிளந்த பனங்கிழங்கு. செங்கால் நாரையின் அலகைப் பைனாகுலரில் பார்த்த அன்று, இந்த மனிதர் இதை நிச்சயம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடையில் மூட்டை கட்டிவிட வேண்டாம். மார்ச்சில் இருந்து குயில் தொடங்கிவிடும். கூவுவது கறுப்பான ஆண், புள்ளிபோட்ட பழுப்பு நிறத்தில் இருப்பது பெண். பெண்குயில் பாடுவதாகத்தான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மழை தொடங்கியதும் கிணற்றோரப் பனையிலும் ஈச்ச மரத்திலும் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். ஆண் பாதி கட்டி வைத்துவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும், பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும், பிடித்தால்தான் மீதிக் கட்டடம். பிடிக்காமல் பாதியில் விட்ட கூடுகள் எப்படியும் சில தொங்கும்.

வேடந்தாங்கல் போனோம், ஒன்றுமே இல்லையே?

எப்போது போனீர்கள்? மே மாதம் பள்ளி விடுமுறையில் போயிருப்பீர்கள். அல்லது மழை பொய்த்த வருடமாக இருந்திருக்கும். ஏரி நிரம்பினால்தான் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீரில் நிற்கும், அப்போதுதான் பறவைகள் அங்கே கூடு கட்டும். மழையைக் கேட்டுவிட்டு டிசம்பர், ஜனவரியில் ஒரு வேலைநாளில், சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். நத்தைகுத்தி, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கு அடுக்காக இருக்கும். சத்தமும் நாற்றமும் சேர்ந்தே வரும், பழகிவிடும். காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், அன்று அங்கே மனிதர்களைத்தான் பார்க்கலாம்.

அந்த ஊருக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள், 1798-ல் லயனல் பிளேஸ் என்ற செங்கல்பட்டு கலெக்டர் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுத்தில் கொடுத்தார். சரணாலயம் என்ற சொல்லெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக்குப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு வைக்கும். குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்துகளையும் பார்க்கலாம், தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலையைத் தாண்டி வருகிறவை, கருவி பொருத்திப் பார்த்ததில் 7000 மீட்டருக்கு மேலே பறந்ததும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து நெல் வயல் ஓரத்தில் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருக்கும்.

கேமரா வாங்கலாமா?

முதல் வருடம் வேண்டாம் என்பது என் கட்சி. இதில் நண்பர்கள் பல பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கேமரா வந்ததும் பறவை "ஷாட்" ஆகிவிடுகிறது. கிடைத்ததும் அடுத்ததற்கு ஓடுகிறோம், அது என்ன செய்தது என்று கேட்டால் தெரியாது.

வாங்கினால் இரண்டே இரண்டு கட்டுப்பாடு. கூட்டைப் படம் எடுக்காதீர்கள், எடுத்தாலும் இடத்தைச் சொல்லிப் போடாதீர்கள். இலையை விலக்கிப் படம் எடுத்துவிட்டுப் போன கூட்டைக் காக்கையும் வைரி என்ற வேட்டைப் பறவையும் கண்டுபிடித்துவிடும். மொபைலில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று பதறிப்போய் வருகிறது அது, உங்களுக்குப் போஸ் கொடுக்க வரவில்லை.

செல்போன் டவரால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதாமே?

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு மார்ச் 20-ம் தேதியும் சிட்டுக்குருவி தினத்துக்கு வருகிற செய்தி. நாடு முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் போட்ட பட்டியல்களை வைத்து 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, மொத்தத்தில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாகச் சரியவில்லை என்றும் பெரிய நகரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. டவர்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஓட்டு வீடு போய்க் கண்ணாடிக் கட்டடம் வந்தால் கூடு வைக்கச் சந்து ஏது? குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி வேண்டும், புல்லும் செடியும் இல்லாத தெருவில் பூச்சி ஏது? மரப்பெட்டி செய்து 32 மில்லிமீட்டர் துளை போட்டு, பூனை எட்டாத உயரத்தில், நேர் வெயில் படாமல் மாட்டிப் பாருங்கள். குருவி வரலாம், வராமலும் போகலாம். எங்கள் பெட்டியில் முதல் வருடம் எறும்பு குடியிருந்தது.

வீட்டில் கிளி வளர்க்கிறோம், அதுவும் இதில் சேருமா?

சேராது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முனியா என்ற சின்னக் குருவிகளைக் கூண்டில் விற்பதும் அப்படித்தான். ஆசையாக இருந்தால் மாடியில் தண்ணீர் வையுங்கள், அதுவாக வரும்.

ஆந்தை கத்தினால் அபசகுனம் என்கிறார் மாமியார்.

எலிக்கு மட்டும் அபசகுனம். கூகை என்ற ஆந்தை ஒரு குடும்பமாகக் குஞ்சு வளர்க்கும்போது தின்கிற எலிக்குக் கணக்கில்லை. டெல்டாவில் நெல் வயலில் குச்சி நட்டு வைப்பதே ஆந்தை வந்து உட்காரத்தான். இதைச் சொன்னதும் என் மாமியார் சமாதானமாகவில்லை, ஆனால் பின்பக்கத் தென்னையில் இருந்த புள்ளி ஆந்தை ஜோடியை விரட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது "உன் ஆளுங்க வந்தாச்சு" என்று எனக்குச் சொல்வதே அவர்தான்.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாயும் பூனையும் வராத உயரமான இடத்தில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகு முளைக்காத குஞ்சு என்றால், கூடு கண்ணுக்குத் தெரிந்து எட்டவும் எட்டினால் திரும்ப அதிலேயே விடுங்கள். பால் ஊற்றாதீர்கள், வாயைப் பிளந்து தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குஞ்சாக இல்லாமல், களைத்து விழுந்த வளர்ந்த பறவை என்றால் அதைக் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்தால் போதும். எங்கள் லிஃப்ட் ஆறுமணிக்குருவி அப்படித்தான் ஒரு பகல் முழுக்கச் செருப்புப் பெட்டியில் தூங்கி, பொழுது சாய்ந்ததும் பின்பக்கப் புதருக்குள் போனது. ரத்தக் காயம், சிறகு முறிவு என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, யாரோடு போவது?

பெண்கள் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. விடியற்காலை ஏரிக்கரைக்கு நானும் தனியாகப் போவதில்லை, இரண்டு பேராவது சேர்ந்துதான் போவோம். சென்னையில் 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது, மற்ற ஊர்களிலும் சின்னச் சின்னக் குழுக்கள் உண்டு. புதியவர்களை விரட்டுகிற குழு எதையும் நான் பார்த்ததில்லை. தப்பாகப் பெயர் சொன்னால் மூன்று பேர் சேர்ந்து திருத்துவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல தொடக்கம், ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் இதே போல ஒன்று உண்டு. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பட்டியல் இணையதளத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். காக்கை எல்லாம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். எங்கே எது குறைகிறது என்று பின்னால் தெரியவருவது இந்தச் சாதாரணப் பட்டியல்களில் இருந்துதான்.

எத்தனை வகை பார்த்தால் பெரிய ஆள்?

இந்தியாவில் 1300 வகைக்கு மேல், தமிழ்நாட்டில் 500-க்கு மேல். எண்ணிக்கைக்காக ஓடுகிறவர்கள் உண்டு. புது வகை ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ராத்திரியோடு ராத்திரியாகக் காரெடுத்துப் போவார்கள். நானும் ஒருமுறை போயிருக்கிறேன், கோடியக்கரைக்கு. தேடிப்போனது கிடைக்கவில்லை. பூநாரைகள் மட்டும் இளஞ்சிவப்பாக, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்துக்கொண்டு நின்றன. திரும்பி வரும் வழியெல்லாம் கூட வந்தவர் அதையும் ஒரு தோல்வியாகவே பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் போவதில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பிஸ்கட் கையில் இருக்கட்டும், பெயர் சொல்லி ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். என் மகளுக்கு ஏழு வயதில் பறவையே பிடிக்கவில்லை. தையல்சிட்டு இரண்டு இலையை நாரால் தைத்துக் கூடு செய்திருந்ததைக் காட்டியபோது மட்டும், "ஊசி எங்கே?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் நீங்கள் பார்க்காமல் விட்ட பறவை?

கொம்பன் ஆந்தை. எங்கள் வீட்டில் இருந்து அதிக தூரம்கூட இல்லை, நன்மங்கலம் காட்டுப் பழைய கல்குவாரிப் பக்கம். மூன்று முறை போனேன். மூன்று முறையும் இருட்டுகிற வரை பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கொசுக்கடி தாங்காமல் கிளம்பினேன். மூன்று முறையும், நான் போன பத்து நிமிடத்தில் வந்து உட்கார்ந்ததாக அங்கேயே இருந்தவர்கள் போன் செய்தார்கள். இந்த மாதக் கடைசியில் நான்காம் முறை, ஓடோமாஸோடு.